இன்டேக் வால்வில் கரி: நேரடி இன்ஜெக்‌ஷன் பெட்ரோல் எஞ்சினைத் திறந்து சுத்தம் செய்ய முழுமையான வழிகாட்டி

இந்த வேலையில் கரியை அடித்து எடுக்க ஆவது ஒன்றரை மணி நேரம். மீதிப் பொழுதெல்லாம் அதற்கு முன்னால் கழற்றுவதும் பின்னால் பூட்டுவதும்தான். புதிதாக வருகிற பையன்கள் தூள் அடிக்கும் துப்பாக்கியை, அதாவது கன்னைப் பிடிக்கிற விதத்தைப் பற்றியே கேட்பார்கள். அவர்கள் தடுக்கி விழுவதோ அதற்கு முந்தைய படிகளில்.

தக்கலைப் பக்கம் எங்கள் ஒர்க்‌ஷாப்பில் நான் செய்கிற வரிசையை அப்படியே எழுதியிருக்கிறேன். படிகளை இடம் மாற்றாதீர்கள். முதல்முறை செய்கிறவர் ஒரு முழு நாளை ஒதுக்க வேண்டும். மறுநாள் காலையில் வண்டி கல்யாணத்துக்குப் போக வேண்டுமென்றால் அன்றைக்கு இதைத் தொடவே வேண்டாம்.

1. உங்கள் எஞ்சின் எந்த வகை?

பழைய வகை எஞ்சினில் பெட்ரோல் இன்டேக் வால்வின் (சிலிண்டருக்குள் காற்றை விடும் வால்வு) முதுகில் பீய்ச்சப்படும். அதனால் வால்வு தினமும் கழுவப்படும். நேரடி இன்ஜெக்‌ஷனில் பெட்ரோல் நேராக சிலிண்டருக்குள் போய்விடுகிறது. வால்வின் முதுகில் ஒரு சொட்டுக்கூடப் படாது. ஆனால் கிராங்க்கேஸிலிருந்து (எஞ்சினின் அடிப்பகுதி) பிசிவி என்ற காற்றோட்டக் குழாய் வழியாக வரும் ஆயில் ஆவியும், திரும்பி வரும் புகைக்கரியும் அங்கேதான் ஒட்டும். கழுவாத தோசைக்கல்லில் எண்ணெய்ப் பிசுக்கு ஏறுவது போல, சூடான வால்வில் அது வெந்து வெந்து இறுகும்.

நம் ஊரில் ஓடுகிறவற்றில் ஸ்கோடா, ஃபோக்ஸ்வேகனின் 1.0, 1.5 டிஎஸ்ஐ, ஹூண்டாய், கியாவின் 1.0, 1.4, 1.5 டர்போ ஜிடிஐ, மஹிந்திரா தார், ஸ்கார்பியோ-என், எக்ஸ்யூவி700 ஆகியவற்றின் 2.0 டர்போ பெட்ரோல், ஃபோர்டின் 1.0 எக்கோபூஸ்ட் எல்லாம் இந்த வகை. போர்ட்டிலும் (வால்வுக்குக் காற்று வரும் வழி) சிலிண்டரிலும் இரண்டு இடத்திலும் பீய்ச்சும் எஞ்சின்களுக்கு இந்தத் தொல்லை பெரிதாக வராது.

டீசல் வண்டிகளிலும் இன்டேக்கில் கரி சேரும். அது ஈஜிஆர் (புகையை இன்டேக்குக்குத் திருப்பிவிடும் அமைப்பு) சமாச்சாரம், கழற்றும் முறையே வேறு. இங்கே பெட்ரோல் மட்டும்.

இன்னொன்று: டேங்கில் ஊற்றும் எந்த மருந்தும் இந்தக் கரியைத் தொடாது. பெட்ரோலே அங்கே போகாதபோது அதில் கலந்தது எப்படிப் போகும்? இன்ஜெக்டர் நுனிக்கு அது உதவலாம், அவ்வளவுதான்.

2. கரிதான் காரணமா என்று உறுதி செய்யுங்கள்

காலையில் முதல் ஸ்டார்ட்டில் எஞ்சின் ஒரு நிமிடம் உதறும், சூடானதும் சரியாகிவிடும். ஸ்லோவில் நிற்கும்போது ஸ்டியரிங்கில் நடுக்கம் தெரியும். கியர் மாற்றி ஏறும்போது இழுவை ஒரு கணம் தயங்கும். ஸ்கேனர் போட்டால் பி0300 முதல் பி0304 வரை ஏதாவது ஒரு மிஸ்ஃபயர் கோடு (சிலிண்டர் சரியாக எரியவில்லை என்று சொல்லும் பிழை எண்) நிற்கும். இவையெல்லாம் கரிக்கு வரும் அறிகுறிகள். பழுதான பிளக்குக்கும், அதற்கு மின்சாரம் தரும் காயிலுக்கும் இதே அறிகுறிகள்தான் வரும்.

அதனால் மலிவானதை முதலில் பாருங்கள். மிஸ்ஃபயர் காட்டும் சிலிண்டரின் காயிலைப் பக்கத்துச் சிலிண்டருக்கு மாற்றிப் போடுங்கள். கோடும் கூடவே நகர்ந்தால் குற்றவாளி காயில். அடுத்து பிளக்கை மாற்றிப் பாருங்கள். பிறகு காற்றுக் கசிவு: ஹோஸ் வெடிப்பு, கிளாம்ப் தளர்வு.

கருங்கலிலிருந்து ஒரு வண்டி வந்தது. உரிமையாளர் வளைகுடாவில் இருக்கிறார், வீட்டில் உள்ளவர்கள் ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்கும் சந்தைக்கும் மட்டும் எடுப்பார்கள். "கரி எடுக்கணும்ணு சொல்லிட்டாங்க ஆசானே" என்று வேறொரு இடத்தில் போட்ட எஸ்டிமேட்டோடு வந்தார்கள். ஒரு காயில் செத்துப்போயிருந்தது. மாற்றினோம், உதறல் நின்றது. வால்வில் கரி கொஞ்சம் இருந்ததும் உண்மைதான். ஆனால் மேனிஃபோல்டை (சிலிண்டர்களுக்குக் காற்றைப் பிரித்து அனுப்பும் குழாய்த் தொகுப்பு) இறக்குகிற அளவுக்கு இல்லை.

கடைசியாகக் கேமரா. செல்போனில் மாட்டும் 5.5 மில்லிமீட்டர் கேமரா போதும். காற்றின் அளவைக் கட்டுப்படுத்தும் த்ராட்டில் பாடியைக் கழற்றியோ, மேனிஃபோல்டில் உள்ள மேப் சென்சார் (காற்றழுத்தம் அளப்பது) துளை வழியாகவோ விடலாம். 1.0 டிஎஸ்ஐ போல மேனிஃபோல்டுக்குள்ளேயே காற்றைக் குளிரவைக்கும் இன்டர்கூலர் இருந்தால் த்ராட்டில் வழி அடைபட்டிருக்கும், சென்சார் துளையைத்தான் முயல வேண்டும். பிளக் துளை வழியாகப் பார்த்துவிட்டு "வால்வு சுத்தமா இருக்கு" என்பது புதியவர்கள் செய்யும் பெரிய தவறு. அங்கே தெரிவது வால்வின் முகம். கரி உட்கார்ந்திருப்பது முதுகில்.

மெல்லிய கறுப்புப் படலம் மட்டும் இருந்தால் மூடிவிடுங்கள், அது எல்லா வண்டியிலும் உண்டு. வால்வின் தண்டைச் சுற்றி மேடுமேடாக, புற்றுக்கட்டியது போல ஏறியிருந்தால் வேலையைத் தொடங்கலாம்.

3. எந்த முறை?

எஞ்சினை ஓடவிட்டு இன்டேக்கில் ஸ்பிரே அடிப்பது ஒரு முறை. படலம் மெல்லியதாக இருந்தால் பலன் உண்டு. காற்று அளக்கும் சென்சாருக்குப் பின்னால்தான் அடிக்க வேண்டும், டப்பாவில் எழுதியிருக்கும் ஆர்பிஎம்மைத் தாண்டக் கூடாது. ஆனால் புற்றுக்கட்டிய வால்வில் இதைச் செய்யாதீர்கள். பெயர்ந்த துண்டு சிலிண்டர் வழியாக டர்போவுக்குப் போகும்.

இரண்டாவது, மேனிஃபோல்டை இறக்கி, போர்ட்டில் கரியை இளக்கும் கிளீனர் திரவம் ஊற்றி ஊறவைத்துத் தேய்ப்பது. செலவு குறைவு, கை வலி அதிகம். கம்ப்ரசர் இல்லாதவர்களுக்கு இதுதான் வழி. 10-ஆம் படியில் சொல்கிறேன்.

மூன்றாவது, வால்நட் ஓட்டுத் தூளைக் காற்றழுத்தத்தில் அடிப்பது. நான் செய்வது இதைத்தான். வால்நட் ஓடு கரியைப் பெயர்க்கும் அளவுக்குக் கடினம், வால்வின் எஃகையும் போர்ட்டின் அலுமினியத்தையும் கீறாத அளவுக்கு மென்மை. ஒன்றிரண்டு துகள் உள்ளே விழுந்தாலும் எரிந்து போகும். மணலும் கண்ணாடி மணியும் எரியாது, சிலிண்டர் சுவரைக் கீறும். அவற்றை இந்த வேலைக்கு ஒர்க்‌ஷாப்புக்குள்ளேயே கொண்டுவரக் கூடாது.

நம் ஊரில் ஒரு கேள்வி தவறாமல் வரும்: "வால்நட்டுக்கு எதுக்கு ரூவா? இஞ்ச சிரட்டை மலை மாதிரி கெடக்கே, பொடிச்சு அடிச்சா என்ன?" சிரட்டையும் கடினம்தான். ஆனால் மில்லில் பொடித்தால் மாவும் நாரும் பெரிய சில்லும் கலந்து வரும். மாவு கண்ணை மறைக்கும், நார் கன்னை அடைக்கும். ஒரே அளவாகச் சலித்த தூள் இருந்தால்தான் இந்த வேலை நடக்கும்.

4. தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

கம்ப்ரசர்தான் முதல். 80 முதல் 90 பிஎஸ்ஐ அழுத்தம் தொடர்ந்து வர வேண்டும். டயருக்குக் காற்றடிக்கும் சின்ன டேங்க் பத்து விநாடியில் மூச்சு வாங்கிவிடும். வேலை நடக்காமல் இல்லை, ஒவ்வொரு முறையும் காத்திருக்க வேண்டும்.

அதைவிட முக்கியம் தண்ணீர் பிரிப்பான். குமரி மாவட்டத்துக்கு ஜூனில் ஒரு மழை, அக்டோபரில் இன்னொரு மழை. நடுவில் உள்ள மாதங்களிலும் கடற்காற்றில் ஈரம்தான். அந்த ஈரமெல்லாம் டேங்கில் தண்ணீராகத் தேங்கும். தூளில் ஈரம் பட்டால் அவல் நனைந்தது போலக் கட்டியாகி கன் அடைத்துக்கொள்ளும். காலையில் டேங்கின் அடித்திருகைத் திறந்து தண்ணீரை விடுங்கள், மதியம் இன்னொரு முறை விடுங்கள். தூள் மூட்டையைத் திறந்ததும் மூடியுள்ள டப்பாவுக்கு மாற்றுங்கள். நல்ல மழை பெய்கிற நாளில் நான் இந்த வேலையை எடுப்பதில்லை.

மற்றவை:

- வால்நட் தூள் 8 முதல் 10 கிலோ. 20/40 மெஷ் (சல்லடை அளவு) எனக்கு ஒத்து வந்திருக்கிறது.
- நீண்ட வளைகுழல் வைத்த பிளாஸ்ட் கன்.
- உங்கள் எஞ்சின் போர்ட்டுக்குப் பொருந்தும் அடாப்டர்: ஒரு பக்கம் வேக்வம் குழாய், இன்னொரு துளையில் கன் குழல்.
- ட்ரம் வகை வேக்வம் கிளீனர். வீட்டு வேக்வம் ஒரே நாளில் போய்விடும்.
- புது மேனிஃபோல்டு கேஸ்கெட், த்ராட்டில் பாடி ஓ-ரிங். இவை கைக்கு வராமல் பழையதைக் கழற்றாதீர்கள்.
- சின்ன அளவு டார்க் ரெஞ்ச் (இறுக்கத்தை அளந்து முறுக்குவது), ஜாக்கி ஸ்டாண்டு, கேமரா, ஸ்கேனர்.
- கண்ணை முழுதாக மூடும் கண்ணாடி, மாஸ்க், கையுறை. கொட்டை வகை அலர்ஜி உள்ளவர் அந்தத் தூசு இருக்கும் இடத்திலேயே நிற்க வேண்டாம்.

கேஸ்கெட்டைப் பற்றி ஒரு வார்த்தை. நாகர்கோவிலில் கையிருப்பு இல்லையென்றால் திருவனந்தபுரத்திலிருந்தோ மதுரையிலிருந்தோ வரவழைக்க வேண்டியிருக்கும். வண்டியைத் திறந்துபோட்டுவிட்டு பார்சல் ஆபீஸைப் பார்த்துக்கொண்டிருந்த நாட்கள் எனக்கும் உண்டு.

5. எஞ்சினை ஆறவிட்டு, பிரஷரை இறக்குங்கள்

நேரடி இன்ஜெக்‌ஷனில் இன்ஜெக்டர்களுக்குப் பெட்ரோல் கொடுக்கும் குழாயான ரெயிலுக்குள் பெட்ரோல் 200 பார் அளவுக்கும், சில எஞ்சினில் அதற்கு மேலும் அழுத்தத்தில் நிற்கும். டயருக்கு அடிப்பதைவிட நூறு மடங்குக்குப் பக்கம். அந்த நிலையில் பைப்பைத் தளர்த்தினால் பீய்ச்சும் பெட்ரோல் தோலைத் துளைத்து உள்ளே போகும்.

ஃபியூயல் பம்ப் ஃபியூஸைப் பிடுங்குங்கள். எஞ்சினை ஸ்டார்ட் செய்து, தானாக நிற்கும்வரை ஓடவிடுங்கள். பிறகு பேட்டரி நெகட்டிவைக் கழற்றி, எஞ்சின் முழுக்க ஆறும்வரை விடுங்கள். முந்தின நாள் மாலையில் இதைச் செய்துவிட்டு வீட்டுக்குப் போவது நல்லது.

ஹைபிரஷர் பைப்பைக் கழற்றாமல் மேனிஃபோல்டு வருமா என்று சர்வீஸ் மேனுவலில் பாருங்கள். வருமென்றால் அதன் பக்கமே போகாதீர்கள். சில கம்பெனிகள் அந்தப் பைப்பை ஒருமுறை கழற்றினால் புதிது போடச் சொல்கின்றன.

6. மேனிஃபோல்டை இறக்குதல்

கழற்றும் முன் நான்கு பக்கமும் போட்டோ எடுங்கள். ஒவ்வொரு கனெக்டரிலும் டேப் ஒட்டி எண் எழுதுங்கள். எல்லாம் நினைவில் இருக்கும் என்று காலை பத்து மணிக்குத் தோன்றும், மாலை ஆறு மணிக்குத் தோன்றாது.

வரிசை: ஏர் ஃபில்டர் பெட்டி, டர்போவிலிருந்து வரும் குழாய், த்ராட்டில் பாடி, சென்சார் கனெக்டர்கள், பிசிவி ஹோஸ், கடைசியில் மேனிஃபோல்டு போல்ட்டுகள். பெரியதை முதலில் எடுத்தால் உள்ளே கை நுழைய இடம் கிடைக்கும். போல்ட்டுகளை அட்டையில் மேனிஃபோல்டு படம் வரைந்து அதே இடத்தில் குத்தி வைப்பேன். நீளம் வேறு வேறாக இருக்கும், நீளமான போல்ட்டைக் குட்டைத் துளையில் முறுக்கினால் அலுமினிய ஹெட் உடையும்.

மேனிஃபோல்டுக்குள் இன்டர்கூலர் இருந்தால் அதற்குக் கூலண்ட் குழாய்கள் வரும். அவற்றைக் கிளாம்ப் போட்டு நெரித்துவிட்டுத்தான் கழற்ற வேண்டும். இல்லையென்றால் மேனிஃபோல்டைச் சாய்க்கும்போது கூலண்ட் நேராகத் திறந்த போர்ட்டுக்குள் ஊற்றும்.

குளச்சல், முட்டம் பக்கம் கடலோரத்தில் நிற்கும் வண்டிகளில் உப்புக்காற்றால் போல்ட் தலை பொரிந்திருக்கும். முந்தின நாளே துரு இளக்கும் ஆயில் அடித்து வையுங்கள். வராத போல்ட்டை நீளக் கம்பி போட்டு முறுக்காதீர்கள். கொஞ்சம் இறுக்கி, கொஞ்சம் தளர்த்தி, பையப் பைய எடுங்கள்.

7. போர்ட்டுகளை அடைத்து, துணியை எண்ணுங்கள்

மேனிஃபோல்டு வெளியே வந்த அதே நிமிடம் எல்லாப் போர்ட்டையும் அடையுங்கள். கையிலிருந்து நழுவும் ஒரு வாஷர் போதும், ஹெட்டைக் கழற்ற வைத்துவிடும்.

அடைக்கும் துணி பளிச்சென்ற நிறத்தில், பெரிதாக, பாதி வெளியே தொங்க வேண்டும். எத்தனை வைத்தீர்கள் என்று போனட்டிலேயே சாக்பீஸால் எழுதுங்கள். இதைச் சொல்லக் காரணம் உண்டு. சில வருடம் முன்பு நானே ஒரு கறுப்புத் துணித்துண்டை மூன்றாவது போர்ட்டில் விட்டுவிட்டுப் பூட்டினேன். ஸ்டார்ட் செய்ததும் எஞ்சின் இரண்டு சிலிண்டர் ஆட்டோ போலக் குலுங்கியது. பத்து விநாடியில் நிறுத்தினேன். மறுபடி எல்லாவற்றையும் கழற்றி, பாதி உறிஞ்சப்பட்டு வால்வில் சிக்கியிருந்த துணியை இடுக்கியால் இழுத்தபோது மணி ஒன்பது. அன்றிலிருந்து என் ஒர்க்‌ஷாப்பில் போர்ட்டை அடைக்க சிவப்புத் துணி மட்டும்தான்.

8. வால்வு மூடியிருக்கிறதா? இங்கேதான் எல்லாம் இருக்கிறது

திறந்த வால்வின் மேல் தூள் அடித்தால் ஓடும் கரியும் பிடிபிடியாகச் சிலிண்டருக்குள் போகும். இந்த வேலையில் திரும்ப எடுக்க முடியாத தவறு இது ஒன்றுதான்.

வண்டியைச் சமதரையில் நிறுத்தி, கியரை நியூட்ரலில் வைத்து, ஹேண்ட் பிரேக் போடுங்கள். காயில்களையும் பிளக்குகளையும் கழற்றுங்கள். பிளக் இல்லாவிட்டால் கம்ப்ரஷன் எதிர்க்காது, கிராங்க் கையால் திரும்பும். குறுக்கே அமைந்த எஞ்சின்களில் பெரும்பாலும் வலது முன்சக்கரத்தின் உட்பக்கம் கிராங்க் புல்லி போல்ட் தெரியும். ஜாக்கி ஏற்றி, ஸ்டாண்டு வைத்து, சக்கரத்தை எடுத்துவிட்டு அந்தப் போல்ட்டில் ராச்செட் போடுங்கள்.

எஞ்சின் ஓடும் திசையில் மட்டும் திருப்புங்கள். போல்ட்டை முகத்துக்கு நேராகப் பார்த்தால் பெரும்பாலானவற்றில் அது வலஞ்சுழி. எதிர்ப்பக்கம் திருப்பினால் போல்ட் தளரலாம். சில எஞ்சின்களில் கிராங்க்கின் பல்சக்கரத்தைப் பிடித்திருப்பதே அந்தப் போல்ட்டின் இறுக்கம்தான். அது தளர்ந்தால் டைமிங் போச்சு. சாவி போட்டு ஸ்டார்ட்டரால் தட்டித் தட்டித் திருப்புவதும் வேண்டாம், நினைத்த இடத்தில் நிற்காது.

முதல் சிலிண்டரின் பிளக் துளையை விரலால் மூடிக்கொண்டு இன்னொருவரைத் திருப்பச் சொல்லுங்கள். விரலை உள்ளிருந்து காற்று தள்ளினால் கம்ப்ரஷன் ஏறுகிறது, அதாவது எல்லா வால்வும் மூடிவிட்டன. விரலை எடுத்துவிட்டு ஒரு பிளாஸ்டிக் உறிஞ்சுகுழலைத் துளையில் விடுங்கள். அது மேலே ஏறி நிற்கும் உச்சம்தான் டிடிசி, பிஸ்டனின் மேல் உச்சி. அங்கே நிறுத்துங்கள்.

கணக்குப் பிடிப்பவர்களுக்கு: 1-3-4-2 வரிசையில் எரியும் நான்கு சிலிண்டர் எஞ்சினில் முதல் சிலிண்டர் கம்ப்ரஷன் டிடிசியில் நிற்கும்போது இரண்டாவதின் இன்டேக் வால்வும் மூடியிருக்கும். 1-2-3 வரிசையில் எரியும் மூன்று சிலிண்டரில் முதலாவதோடு மூன்றாவதும் மூடியிருக்கும். ஒரே நிறுத்தத்தில் இரண்டை முடிக்கலாம். ஆனாலும் கணக்கை மட்டும் நம்பி நான் அடிப்பதில்லை, கீழே உள்ள சோதனை ஒவ்வொரு போர்ட்டுக்கும் உண்டு.

ஊசியில்லாத சிரிஞ்சில் கொஞ்சம் கிளீனரை எடுத்து போர்ட்டில் விடுங்கள். வால்வின் மேல் ஒரு சின்னக் குட்டை போல நிற்க வேண்டும். இரண்டு நிமிடம் பாருங்கள். மட்டம் இறங்கவில்லை என்றால் மூடியிருக்கிறது. கரி தடித்திருந்தால் மிக மெதுவாகக் கசியலாம். மடமடவென்று இறங்கினால் வால்வு திறந்திருக்கிறது.

போன மழைக்காலத்துக்கு முன் ஒரு பையன் வேலைக்குச் சேர்ந்திருந்தான். கைவேகம் உள்ளவன். "எல்லாம் அடைஞ்சுதான் இருக்கு ஆசானே, அடிக்கட்டா?" என்றான்.

"பாத்தியாலே?"

"லைட் அடிச்சுப் பாத்தேன்."

கரி மூடிய வால்வில் லைட் அடித்தால் எல்லாமே கறுப்பாகத்தான் தெரியும். சிரிஞ்சைக் கொடுத்தேன். விட்ட கிளீனர் ஓட்டைச் சட்டியில் ஊற்றியது போல ஒரு மூச்சில் காணாமல் போனது. அவன் ஒரு சுற்று முன்னால் போய், கம்ப்ரஷன் உச்சிக்குப் பதில் எக்ஸாஸ்ட் முடியும் உச்சியில் நிறுத்தியிருந்தான். உறிஞ்சுகுழல் இரண்டு உச்சியிலும் ஒரேபோலத்தான் ஏறும். விரலைத் தள்ளும் காற்றுதான் வித்தியாசம் சொல்லும். அவன் முகம் வெளுத்துப் போனது. கன் கையில் தயாராக இருந்தது.

அப்படிக் கிளீனர் உள்ளே போய்விட்டால் பிளக் துளைகளின் மேல் துணி போட்டு, கிராங்க்கை நான்கைந்து சுற்று திருப்பி வெளியே தள்ளுங்கள். திரவம் உள்ளே நிற்கும்போது பிளக்கைப் பூட்டி ஸ்டார்ட் செய்தால் கனெக்டிங் ராடு வளையும்.

சோதனை முடிந்ததும் கிளீனரைச் சிரிஞ்சால் உறிஞ்சி, துணியால் ஒற்றி, காற்றடித்து உலர்த்துங்கள். பிளக்குகளைக் கைமுறுக்கில் திரும்பப் பூட்டுங்கள். திறந்த பிளக் துளையில் தூள் கொட்டினால் இத்தனை கவனமும் வீண்.

9. அடித்தல்

அடாப்டரைப் போர்ட்டில் அழுத்திப் பொருத்துங்கள். முதலில் வேக்வம், பிறகு கன். நிறுத்தும்போது முதலில் கன், கடைசியில் வேக்வம். இந்த வரிசை தப்பினால் தூளெல்லாம் உங்கள் முகத்தில்.

80 பிஎஸ்ஐயில் தொடங்குங்கள். ஐந்து முதல் பத்து விநாடி அடித்து நிறுத்தி, கேமரா விட்டுப் பாருங்கள். ஒரே இடத்தில் குழலைப் பிடித்துக்கொண்டு நிற்காதீர்கள். தண்டைச் சுற்றி ஒரு அரைவட்டம், திருப்பி அடுத்த அரைவட்டம். புதியவர்கள் கண்ணுக்கு நேரே தெரியும் முன்பக்கத்தை வெள்ளி போல ஆக்கிவிட்டு, தண்டின் பின்புறத்தை அப்படியே விட்டுவிடுவார்கள். குழலின் வளைந்த நுனி அந்தப் பின்புறத்துக்காகத்தான்.

கரி போகும்போது சத்தம் மாறும். முதலில் தகரத்தில் மழை விழுவது போல மந்தமாக இருக்கும், உலோகம் வெளியானதும் கிணிகிணியென்று கூர்மையாகும். காது பழகிவிட்டால் கேமரா பார்க்கும் தடவை குறையும்.

ஒரு சிலிண்டருக்கு அடிக்கும் நேரம் மட்டும் மூன்று முதல் ஐந்து நிமிடம். அதற்கு மேல் ஆனால் தூள் ஈரமாகிவிட்டதா, அழுத்தம் விழுந்துவிட்டதா என்று பாருங்கள். பிஎஸ்ஐயைக் கூட்டுவது தீர்வில்லை.

10. விடாப்பிடிக் கரிக்கும், கம்ப்ரசர் இல்லாதவருக்கும்

வால்வின் தண்டு, அதைத் தாங்கும் குழலான கைடுக்குள் நுழையும் மூலையில் கொஞ்சம் மிஞ்சும். அங்கே கிளீனர் விட்டு அரை மணி ஊறவிடுங்கள். பிறகு நைலான் பிரஷ் அல்லது மெல்லிய பித்தளை பிரஷ். ஸ்க்ரூ டிரைவர் நுனியால் சுரண்டாதீர்கள். வால்வு உட்காரும் சீட்டில் ஒரு கீறல் விழுந்தால் கம்ப்ரஷன் கசியும்.

ஊறவைத்துத் தேய்ப்பதையே முழு முறையாகச் செய்கிறவர்கள், இதையே போர்ட்டுக்குப் போர்ட் மூன்று நான்கு தடவை திரும்பச் செய்ய வேண்டும். ஒவ்வொரு தடவையும் கறுப்பு நீரைச் சிரிஞ்சால் எடுத்துவிட்டுப் புதிது ஊற்றுங்கள்.

ஓர் எச்சரிக்கை: கிளீனரை வேக்வம் கிளீனரால் உறிஞ்சாதீர்கள். அந்த ஆவி எரியும், மோட்டாரின் பொறி போதும். சிரிஞ்சும் துணியும் மட்டும். முழுக்க உலர்ந்த பிறகுதான் மறுபடி தூள் அடிக்கலாம், ஈரத்தில் தூள் பசைபோல ஒட்டும்.

11. உறிஞ்சிய பிறகே கிராங்க்கைத் திருப்புங்கள்

ஒரு சிலிண்டர் முடிந்த உற்சாகத்தில் உடனே அடுத்ததற்குத் திருப்பிவிடுவார்கள். திருப்பினால் இந்த வால்வு திறக்கும், மூலையில் தங்கிய தூள் உள்ளே விழும்.

முதலில் வேக்வம். பிறகு காற்றுக் கன்னால் மூலைமூலையாக ஊதி, மறுபடி வேக்வம். உலர்ந்த துணியைக் கம்பியில் சுற்றி வால்வு விளிம்பைத் துடையுங்கள். கேமராவில் ஒரு துகள்கூடத் தெரியாதபோது சிவப்புத் துணியால் அடைத்துவிட்டு, பிளக்கைக் கழற்றி, அடுத்த சிலிண்டருக்குத் திருப்புங்கள். நான்கு சிலிண்டரில் அடுத்தது எரிய கிராங்க் 180 டிகிரி, மூன்று சிலிண்டரில் 240 டிகிரி திரும்ப வேண்டும். 8-ஆம் படியின் விரல் சோதனையும் சிரிஞ்சு சோதனையும் மறுபடி முதலிலிருந்து.

12. திரும்பப் பூட்டுதல்

துணிகளை எண்ணுங்கள். போனட்டில் எழுதிய எண்ணோடு ஒத்துப்போக வேண்டும்.

மேனிஃபோல்டின் உட்புறத்தையும் த்ராட்டில் பாடியையும் துடைத்துவிடுங்கள். ஹெட்டின் கேஸ்கெட் முகத்தில் ஒரு தூள் மணி இருந்தால்கூட அங்கே காற்றுக் கசியும். புது கேஸ்கெட், நடுவிலிருந்து வெளிப்பக்கமாகப் போல்ட்டுகள், முதலில் கைமுறுக்கு, பிறகு டார்க் ரெஞ்ச். 6 மில்லிமீட்டர் போல்ட்டுகளுக்குப் பொதுவாக 8 முதல் 10 நியூட்டன் மீட்டர்தான் வரும். உங்கள் எஞ்சினின் சரியான அளவு மேனுவலில் இருக்கும். "நல்லா டைட்டா இருக்கட்டும்" என்று கையின் பலத்தைக் காட்டினால் பிளாஸ்டிக் மேனிஃபோல்டு விரிசல் விடும்.

பிசிவி வால்வையும் ஹோஸையும் இப்போதே பாருங்கள். எண்ணெய் ஒழுக வழிந்துகொண்டிருந்தால் மாற்றுங்கள். அதை விட்டுவைத்தால் இன்று எடுத்த கரி சீக்கிரமே திரும்பி வரும்.

கூலண்ட் கழற்றியிருந்தால் நிரப்பி, காற்றை வெளியேற்றுங்கள். பிளக்குகளைச் சரியான டார்க்கில் பூட்டி, காயில், ஃபியூயல் பம்ப் ஃபியூஸ், பேட்டரி.

13. முதல் ஸ்டார்ட்

சாவியை ஆன் செய்து, ஸ்டார்ட் செய்யாமல் சில விநாடி விட்டு ஆஃப் செய்யுங்கள். மூன்று முறை. பம்ப் ரெயிலை நிரப்பட்டும். பிறகு ஸ்டார்ட். முதல் ஒன்றிரண்டு நிமிடம் உதறலும் லேசான புகையும் வரலாம், உள்ளே போன கிளீனரின் எச்சம் எரிகிறது. ஐந்து நிமிடத்துக்கு மேல் உதறினால் நிறுத்திவிட்டுக் கனெக்டர்களையும் காற்றுக் கசிவையும் பாருங்கள். கரியைச் சந்தேகிக்காதீர்கள், அதைத்தான் எடுத்துவிட்டீர்கள்.

ஸ்கேனரில் பழைய கோடுகளை அழித்து, த்ராட்டில் அடாப்டேஷன் செய்யுங்கள். பழைய கரிக்கு ஏற்ற அளவையே எஞ்சின் கம்ப்யூட்டரான ஈசியூ நினைவில் வைத்திருக்கும், அதைச் செய்யாவிட்டால் ஸ்லோ ஏறி இறங்கும்.

ஓட்டிப் பார்க்க நான் எடுக்கும் பாதை நாகர்கோவிலிலிருந்து ஆரல்வாய்மொழி. மார்த்தாண்டம் பக்கம் போனால் நெரிசலில் முதல் இரண்டு கியரைத் தாண்ட முடியாது. காற்றாலைப் பக்கம் ஒரே வேகத்தில் பத்து கிலோமீட்டர் ஓட்டலாம், மிஸ்ஃபயர் எண்ணிக்கையை ஸ்கேனரில் நேரலையாகப் பார்க்கலாம். பக்கக்காற்று வண்டியைத் தள்ளும், அதை எஞ்சின் உதறல் என்று நினைத்துவிடாதீர்கள்.

கிளீனர் நிறையப் பயன்படுத்தியிருந்தால் ஆயிலையும் ஃபில்டரையும் உடனே மாற்றுங்கள். பிஸ்டன் ரிங் வழியாக இறங்கிய கிளீனர் ஆயிலை நீர்க்க வைத்துவிடும்.

14. அடுத்த முறையைத் தள்ளிப்போட

முழுக்கத் தடுக்க வழியில்லை, தாமதப்படுத்தலாம். மேனுவல் சொல்லும் கிரேடு ஆயிலையே ஊற்றுங்கள். ஊருக்குள்ளேயே இரண்டு மூன்று கிலோமீட்டர் ஓடி நிற்கும் வண்டிக்கு ஆயிலைக் கொஞ்சம் முன்னதாகவே மாற்றுவது நல்லது. எஞ்சின் சூடாகும் முன்பே நிறுத்தினால் ஈரமும் பெட்ரோலும் ஆயிலில் தங்கி, ஆவியாகி பிசிவிக்கு வரும். வாரம் ஒருமுறையாவது அரை மணி நேரம் நல்ல சூட்டில் ஓட்டுங்கள்.

ஆயில் கேட்ச் கேன் போடலாமா என்று கேட்பார்கள். ஆயில் ஆவியைக் கொஞ்சம் பிடிக்கும். ஆனால் நம் ஈரத்தில் அது சீக்கிரம் பழுப்பு நுரையால் நிறையும், வடித்துவிட ஆள் வேண்டும். வாரன்டி உள்ள வண்டியில் நான் பொருத்தித் தருவதில்லை.

கரி கலந்த தூளையும் கறுத்த கிளீனரையும் ஓடையிலோ பழையாற்றிலோ கொட்டாதீர்கள். பழைய ஆயிலோடு சேர்த்து எடுப்பவரிடமே கொடுத்துவிடலாம்.

சுத்தம் செய்த ஒவ்வொரு வால்வின் போட்டோவிலும் சிலிண்டர் எண், தேதி, ஓடிய கிலோமீட்டர் மூன்றையும் எழுதி வண்டிக்காரருக்கு அனுப்பிவிடுவேன். 60,000 கிலோமீட்டர் கழித்து மறுபடி கேமரா விடும்போது பக்கத்தில் வைத்துப் பார்க்க அந்தப் போட்டோ வேண்டும்.